கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைப் பார்க்கணும்?

கிரிப்டோ நாணயம் வைத்துக்கொள்ளும் வாலட்டை அமைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "பிட்காயினை ஹேக் பண்ண முடியுமாண்ணே?" என்பதைத்தான். பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவி 256 பிட் நீளமுள்ள எண்; அந்தச் சாவியால் ஒப்புதல் தருவதுதான் கையெழுத்து. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க இன்றைய எந்தக் கணினிக்கும் ஆயுசு போதாது. திருடனுக்கும் இது தெரியும். அதனால் சாவி வைத்திருக்கிற ஆளைத் தேடி வருகிறான்.

2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் போனது அப்படித்தான். பலர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் வாலட் அது. அந்த வாலட் மென்பொருளை எழுதும் நிறுவனத்து ஊழியர் ஒருவரின் கணினிக்குள் புகுந்து, திரையில் தெரிவதையே மாற்றிவிட்டார்கள். வட கொரியாவின் வேலை என்றது எஃப்பிஐ. கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்தது வழக்கமான பரிமாற்றம். கையெழுத்து விழுந்ததோ வாலட்டையே ஒப்படைக்கும் உத்தரவில். அதற்கு முந்தைய ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் போனதும் பலர் கையெழுத்திடும் வாலட்டிலிருந்துதான்.

ஆகவே, போன் திரையையும் கணினித் திரையையும் நம்பாதீர்கள். சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு சாதனமான ஹார்டுவேர் வாலட் வாங்கி, அதன் குட்டித் திரையில் வரும் தொகையையும் முகவரியையும் படியுங்கள். முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்ப்பது ஆபத்து. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியோடு தலையும் வாலும் ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறை அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை பழைய கணக்குப் பட்டியலிலிருந்து காப்பி செய்தீர்களானால், பணம் அவனுக்கு. அந்தப் பட்டியலைத் தொடவே வேண்டாம். முகவரியை நடுப்பகுதி உட்பட முழுசாக ஒப்பிடுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை அனுப்பி, வாங்குகிறவரைப் போனில் கேளுங்கள். சாதனம் புரியாத எழுத்துக் குவியலைக் காட்டினால் ரத்து செய்யுங்கள், எவ்வளவு அவசரமானாலும்.

சாதனம் தொலைந்தாலும் சாவியைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்கள் 12 அல்லது 24 இருக்கும். காகிதத்தில் பேனாவால் எழுதுங்கள். போட்டோ, வாட்ஸ்அப், கிளவுட் எதுவும் கூடாது. 2016இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஏறத்தாழ 1,20,000 பிட்காயின் திருடியவனே சாவிகளைக் கிளவுட் கோப்பில் வைத்திருந்தான்; அமெரிக்க அதிகாரிகள் அதைத் திறந்து 2022இல் 94,000க்கு மேல் கைப்பற்றினார்கள். காசு ஏற்றுவதற்கு முன் சாதனத்தை ஒருமுறை அழித்து, எழுதிய சொற்களை வைத்து மீட்டுப் பாருங்கள். சொற்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்டு வந்த சாதனம் என்றால் குப்பைத் தொட்டிதான்.

எக்ஸ்சேஞ்சில் அன்றாடம் வாங்கி விற்கும் அளவு மட்டும் இருக்கட்டும். அங்கே எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில், உள்நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வையுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவன் ஏமாற்றி டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குத்தான் போகும்.

நீங்கள் இந்தியாவில் இருக்கும்போது பணம் திருடு போய்விட்டால் பரிமாற்ற எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், எக்ஸ்சேஞ்சுக்கும் எழுதுங்கள். டெலிகிராமில் "மீட்டுத் தருகிறேன் சார், முன்பணம் மட்டும் போடுங்கள்" என்று வருகிறவனை அப்படியே பிளாக் செய்யுங்கள்.