சிதறால் மலைக்கோயிலைப் பார்க்கும் முறை

களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்கு வரும் திருவனந்தபுரத்துச் சொந்தக்காரர்களைச் சிதறாலுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பழைய சமண மலைக்கோயிலுக்கு, கூட்டிப்போவது என் வேலை. நீங்கள் தனியாகப் போவதானால் ரயிலில் வந்து குழித்துறையில் இறங்குங்கள். பக்கத்து ஊரான மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் 7 கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும். 'மலைக்கோயில்' என்று கேட்டால் போதும், வழி சொல்வார்கள்.

காலையிலேயே ஏறிவிடுங்கள். கல் பாவிய பாதை, சிரமமில்லை. ஆனால் உச்சிவெயிலில் பாறை சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மேலே போனதும் எல்லாரும் நேரே கோயிலுக்குள் போகிறார்கள். நீங்கள் முதலில் பாறைச் சிற்ப வரிசையின் முன்னே நில்லுங்கள். தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை, இருந்தால் தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்கும் அருகர். அவர்களில், பாம்பு படம் விரித்து நின்றால் பார்சுவநாதர். பக்கத்தில் சிங்கமும் பிள்ளைகளும் இருந்தால் அம்பிகை இயக்கி, தீர்த்தங்கரரின் காவல் பெண்தெய்வம். இயக்கி என்பதே பேச்சில் இசக்கி ஆனது என்பார்கள். எங்கள் பக்கத்து இசக்கியம்மன் கோயில்களை அறிந்தவர்கள் இவள் முன்னே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள்.

சில சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் உண்டு. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கவே கூடாது, விரலாலும் தடவ வேண்டாம். போனில் பெரிதாக்கிப் படமெடுத்தாலே போதும்.

நான் யாரைக் கூட்டிப்போனாலும் தவறாமல் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மரபின் 9ஆம் நூற்றாண்டு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. அரிட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி, திருச்சாரணத்து பட்டாரியாருக்கு, அதாவது அங்குள்ள பெண்தெய்வத்துக்கு, பொன் அணி கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தத் திருச்சாரணம் இந்த மலைதான். அந்தக் காலத்தில் ஒரு பெண் துறவி தன் ஆசிரியர் பெயரோடு கல்லில் நிற்கிறாள். ராஜாக்களின் பட்டியலை விட இதைத்தான் நம் பெண் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அதன்பிறகு உள்ளே போங்கள். மகாவீரர், பார்சுவநாதர் சந்நிதிகளோடு, இன்று பகவதியாக வழிபடும் அம்மன் சந்நிதியும் இருக்கிறது. பூஜை நடந்தால் முடியும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

பொழுது மிச்சமிருந்தால் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போங்கள். அங்கே தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் உண்டு. குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணர்களின் பெயர்கள் அந்தக் கோயிலின் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் வருகின்றன. ஆவணி ஞாயிறுகளில் மட்டும் வேண்டாம். நாகருக்குப் பால் ஊற்ற வரும் கூட்டத்தில் தூண் பக்கமே நிற்க முடியாது.