கனால் டு மிடி: படகை நீங்களே ஓட்டி லாக் கடப்பது எப்படி?

பிரான்சின் தெற்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர் நீளும் கால்வாய் இது. இதைக் கட்டிய பியர்-போல் ரிக்கே அதற்கு 1666-ல் அரச ஆணை பெற்றார். 1681-ல் கால்வாய் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். பெரிய கப்பல் எதுவும் இதற்குள் நுழைய முடியாது. அதனால்தான் எனக்கு இதை இவ்வளவு பிடிக்கும். மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். கரையில் சைக்கிளில் போகிறவர் நம்மைத் தாண்டிப் போவார். திராட்சைத் தோட்டம், கல் பாலம், ஊர்க் கோபுரம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

விசா, விமானம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நேராகப் படகுக்கு வருகிறேன். லாக் என்பது கால்வாயின் மட்டம் மாறும் இடத்தில், இரு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி.

1. வாடகைப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம். படகு தருபவர்களே ஓட்டக் கற்றுக்கொடுத்து, அந்த நாட்களுக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு தருவார்கள்.

2. முதல் பயணத்துக்கு ஆர்ஜான், லெ சொமாய், கபெஸ்தான் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜானிலிருந்து ஃபோன்செரான் வரை சுமார் 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூடக் கிடையாது. ஸ்டியரிங் கையில் பழகியபின் லாக்குக்குப் போனால் பதற்றம் இருக்காது.

3. நீளக் கயிறு இரண்டு கேட்டு வாங்குங்கள். குட்டைக் கயிறு போதும் என்றால் நம்பாதீர்கள். உள்ளங்கையில் ரப்பர் ஒட்டிய கையுறையும் வேண்டும். தோல் கையுறை நனைந்தால் வழுக்கும்.

4. இனி லாக். மேலே ஏறும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். காலியான லாக்குக்குள் படகு நுழையும்போது சுவர் தலைக்கு மேலே இருக்கும், ஏற வழி தேடுவது சிரமம். அதனால் லாக்குக்கு முன்பே, படகுத்துறையில் ஒருவரை இறக்கிவிடுங்கள். அவர் நடந்து மேலே போய் நிற்கட்டும். கீழிருந்து கயிற்றை வீசுங்கள். அவர் அதைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுப் போட்டு, நுனியைத் திரும்பக் கீழே தரவேண்டும். முடிச்சு வேண்டவே வேண்டாம்!

மேல் கதவு மதகு திறந்ததும் தண்ணீர் நுரைத்துப் பாய்ந்து படகைப் பின்னால் தள்ளும். அப்போது முன்கயிறுதான் படகைப் பிடித்து நிறுத்தும். படகு உயர உயரக் கயிறு தளரும். தளர்வை உடனுக்குடன் இழுத்து வாங்குங்கள். இறங்கும்போது இதற்கு நேர்மாறு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். கயிற்றைக் கட்டி வைத்திருந்தால் தண்ணீர் இறங்கியபின் படகு அந்தரத்தில் தொங்கும்.

இந்த லாக்குகள் முட்டை வடிவம். தொடக்கத்தில் கட்டிய நேர்ச்சுவர் மண் அழுத்தம் தாங்காமல் சரிந்ததால், ரிக்கே சுவரை வளைத்துக் கட்டினார். படகின் பின்புறம் அந்த வளைவில் ஒதுங்கப் பார்க்கும், அதனால் பின்கயிற்றிலும் ஓர் ஆள் வேண்டும்.

பின்சேர்க்கை: இரவில் படகை மரத்தில் கட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. கரையோரப் பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் அழித்துவருகிறது. 2006-ல் இங்கே கண்டறியப்பட்டது. மரப்பட்டையில் விழும் காயம் வழியே அது பரவும். இரும்பு முளையும் சுத்தியலும் படகிலேயே இருக்கும், அதைக் கரையில் அடித்துக் கட்டுங்கள். இன்னொன்று, மதிய உணவு நேரத்தில் லாக்குகளை மூடிவிடுவார்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.