எம்.இ. மாணவர்களுக்கு பி.ஐ.எம். எடுக்கச் சொல்லிவிட்டார்களா? கூத்தப்பாக்கத்தில் ஒரு வீட்டைப் பிடியுங்கள்

சிவில் துறையில் வயதில் சின்னவர் யாரோ, கணினி என்று பெயர் வருகிற எல்லா வேலையும் அவர் தலையில்தான் விழும். "இந்த செமஸ்டர் எம்.இ. பசங்களுக்கு பி.ஐ.எம். நீங்களே எடுத்துடுங்க" என்று துறைத் தலைவர் சொன்னபோது எனக்கு அந்த மூன்றெழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. (பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். கட்டடத்தை அதன் அளவு, பொருள் விவரங்களோடு கணினியில் முப்பரிமாண மாதிரியாகக் கட்டுவது.) அதே நிலையில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் மென்பொருளின் மெனுக்களை வரிசையாக நடத்தினேன். மாணவர்களும் சோபா, திரைச்சீலை, வாசலில் ஒரு கார் என்று பளபளப்பாகப் படங்கள் செய்து தந்தார்கள். அதைப் பார்த்த தெரிந்த மேஸ்திரி ஒருவர், "சரி தம்பி, இந்த ரூமுக்கு எத்தனை கல் வேணும்?" என்றார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. எனக்கும்தான். மறு வருஷம் அந்தக் கேள்வியை வைத்தே பயிற்சியைக் கட்டினேன். எட்டு சனிக்கிழமை போதும்.

முதலில் வீடு, அப்புறம்தான் மென்பொருள்

கட்டிக்கொண்டிருக்கும் சின்ன வீடாகப் பாருங்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, வெளியே ஒரு படிக்கட்டு. நாங்கள் எடுத்தது கடலூர் கூத்தப்பாக்கத்தில், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் உத்திரம்) மட்டம் வரை எழும்பியிருந்த வீடு. வீட்டுக்காரரிடமும் மேஸ்திரியிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காங்கிரீட் போடும் நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

ஒரு குழுவுக்கு நாலு பேர். டேப், தூக்குக் குண்டு, மட்டக்குழாய் (தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் குழாய்) கையில் இருக்கட்டும். அறையின் நீள அகலத்தோடு மூலைவிட்டம் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 15 அடி 7½ அங்குலம் வரவேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அறை மூலைமட்டத்தில் இல்லை. அதை "சரிசெய்து" வரையக் கூடாது, இருப்பதை இருக்கிறபடி குறிக்க வேண்டும். இளநிலையில் நாலு வருஷம் எல்லாச் சுவரையும் 90 பாகையில் வரைந்து பழகியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு வேலையும் உண்டு. பக்கத்து வீடுகளில் போய், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது, 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது எதுவரை வந்தது என்று கேட்டு, அந்த உயரத்தை மட்டக்குழாய் பிடித்து நம் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கெடிலம், தென்பெண்ணை ஆறுகளின் வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் இருக்கும். சிலர் சுவரில் கறையையே காட்டுவார்கள்.

எந்த மென்பொருள்?

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ரெவிட்டுக்கு மாணவர் உரிமம் இலவசம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், சம்பாதிக்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீகேட் யாருக்கும் எப்போதும் இலவசம். 2024-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து பி.ஐ.எம். கருவிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் இணையம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அதனால் நான் ஃப்ரீகேட்டில் நடத்துகிறேன்.

மட்டங்களைப் போடுங்கள்

திறந்ததும் சுவர் வரையப் பாய்வார்கள். தடுத்துவிடுங்கள். முதலில் அலகு. சைட்டில் எல்லாம் அடி, அங்குலம். மென்பொருள் மில்லிமீட்டரில் யோசிக்கும். 1 அடி 304.8 மில்லிமீட்டர். 9 அங்குலச் சுவர் 230, நாலரை அங்குலச் சுவர் 115 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

அடுத்து திட்டம், மனை, கட்டடம், தளம் என்ற அடுக்கு. இந்த வரிசையை விட்டுவிட்டு வரைந்தால் பிறகு எந்தப் பொருள் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றே மென்பொருளுக்குத் தெரியாது. தரை மட்டம் பூஜ்யம். அதன் மேல் பேஸ்மட்டம் (வீட்டின் உள்தரை), லிண்டல், கூரை. அளந்து வந்த வெள்ள மட்டத்தையும் இதே வரிசையில் ஒரு மட்டமாகச் சேருங்கள். போன வருஷம் ஒரு குழுவுக்கு அந்தக் கோடு பேஸ்மட்டத்துக்கு நாலு அங்குலம் மேலே ஓடியது. வகுப்பே அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு மட்டங்களை ஏன் முதலில் போட வேண்டும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுவர் எழுப்பி, கல் எண்ணுங்கள்

ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு கோடு. இங்கே அது ஒரு பொருள். அதற்கு நீளம், உயரம், கனம், எதனால் ஆனது என்ற விவரம் எல்லாம் உண்டு. கதவைத் தள்ளி வைத்தால் பழைய ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். பி.ஐ.எம். என்றால் என்ன என்ற கேள்விக்கு இதற்கு மேல் நீளமான விளக்கம் முதல் நாளில் தேவையில்லை.

இப்போது மேஸ்திரியின் கேள்வி. மென்பொருளைத் தொடும் முன் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். உள்ளளவு 12 அடிக்கு 10 அடி, 9 அங்குலச் சுவர், 10 அடி உயரம். சுவர்க் கனத்தின் நடுவே ஓடும் கோட்டின் நீளம் நாலு சுவருக்கும் 47 அடி, ஆக 352.5 கன அடி. 3 அடிக்கு 7 அடி கதவு, 4 அடிக்கு 4 அடி ஜன்னல், இரண்டுக்கும் சேர்த்து 27.75 கன அடி கழியும். இரண்டு லிண்டலும் 6 அங்குலக் கனம், இருபுறமும் 6 அங்குலம் சுவரில் உட்காரும், அதற்கு 3.375. மிச்சம் 321.375 கன அடி, அதாவது 9.1 கன மீட்டர். மாடுலர் (தர அளவில் செய்த) செங்கல் கணக்கில் ஒரு கன மீட்டருக்கு 500 கல் என்று வைத்தால் 4,550 கல், சேதாரம் தனி.

அப்புறம் மாதிரியில் வரும் எண்ணைப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஒத்துவராது. பெரும்பாலும் மூலைதான் காரணம். நாலு சுவரையும் வெளியளவுக்கு வரைந்து, மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு மூலைக்கு 5.625 கன அடி, நாலு மூலைக்கு 22.5. கல்லில் சொன்னால் முந்நூறுக்கும் மேல். திரையில் பார்த்தால் எதுவும் தெரியாது, படம் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொரு வித்தியாசம் மென்பொருளின் தப்பும் இல்லை, மாணவரின் தப்பும் இல்லை. அறையில் 1 அடிக்கு 1 அடி வென்டிலேட்டர் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மென்பொருள் அந்த ஓட்டையைக் கழித்துவிடும். ஆனால் ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலையின் அளவீட்டு முறைப்படி 0.1 சதுர மீட்டர் வரையிலான திறப்புகளைச் செங்கல் வேலையில் கழிப்பதில்லை. இது 0.093 சதுர மீட்டர்தான். ஆக பில்லில் ஒரு அளவு, மாதிரியில் ஒரு அளவு, இரண்டுமே சரி. எது எதற்கு என்று மாணவர் வாயால் சொல்ல வேண்டும். நான் மதிப்பெண் போடுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான்.

ஃபைலைக் கைமாற்றுங்கள்

ஐ.எஃப்.சி. வடிவில் சேமிக்கச் சொல்லுங்கள். இது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற திறந்த தரம், எந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கும் சொந்தமில்லாதது. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து காட்டுங்கள். எல்லாமே எழுத்துதான். தேடினால் நம் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும். ஏதோ மாயம் என்று நினைத்திருந்தவர்களுக்குப் பயம் தெளிந்துவிடும்.

பிறகு ஒரு குழுவின் மாதிரியை இன்னொரு குழுவிடம் கொடுத்துத் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் போடச் சொல்லுங்கள். குளியலறைக் குழாய் பீமுக்குள் நுழைந்து வெளியேறும். இந்த மோதலைத் திரையில் பார்த்துவிட்டால் நல்லது. சைட்டில் பார்த்தால், பீமை உளி வைத்துக் கொத்துவார்கள்.

ஃபைல் பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ரியல் ஃபைனல்" மூன்றும் ஒரே பென்டிரைவில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். குழு, தளம், பதிப்பு எண், அவ்வளவுதான் பெயர். தகவலைக் கையாள 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 பற்றிச் சொல்ல இதுதான் நேரம். தனியாக ஒரு வகுப்பு வைத்தால் தூங்கிவிடுவார்கள்.

நாட்காட்டியைக் கட்டுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் அது கட்டப்படும் தேதியைச் சேர்த்தால் நாலாவது பரிமாணம் என்பார்கள். பெயருக்கு மிரள வேண்டாம். கூரைத் தளம் காங்கிரீட் எந்த வாரம் என்று மட்டும் கேளுங்கள். கணினியின் போக்கில் விட்டால் நவம்பர் நடுவில் போய் விழும். தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30-இல் என்பதை ஞாபகப்படுத்திவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாளும் வேண்டும். ஐ.எஸ். 456 படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள். பல அட்டவணைகளில் மூன்றாம் நாளே மேலே சுவர் எழும்பியிருக்கும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள் பிரெஞ்சுக் காலத்து வீடு ஒன்றை மொபைலில் நூறு இருநூறு படம் எடுத்து, அதிலிருந்து முப்பரிமாண வடிவம் செய்யும் பயிற்சியையும் சேர்க்கலாம். கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் (பழைய நகராட்சி மன்றம்) 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டது. அதன் எதிரே நின்று பேசினால் நிற்கும்போதே ஏன் அளந்து வைக்க வேண்டும் என்பது புரியும். டிரோன் ஆசை யாருக்காவது வந்தால், பறக்க அனுமதி உண்டா என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி சனிக்கிழமை

தேர்வு ஒன்றுதான். "வாஸ்து பார்த்தாச்சு, கிழக்கு வாசலை வடக்குக்கு மாத்துங்க" என்று வீட்டுக்காரர் போல நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் மாற்றிய மாதிரி, எந்த அளவெல்லாம் மாறியது, எது யாருக்குச் சொல்லப்பட வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பு, இவை வேண்டும். படம் எவ்வளவு அழகு என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

சாயங்காலம் ஒரு ஏ3 தாளில், அடி அங்குலத்தில், அச்செடுத்துக்கொண்டு கூத்தப்பாக்கம் போனோம். மேஸ்திரி தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். கல் கணக்கில் தலையசைத்தார். படிக்கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, "இதுக்கு அடியில மோட்டார் வெக்கணும்னு ஓனர் சொன்னாரே, அது எங்க தம்பி?" என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது பதிப்பு 8, மோட்டாரோடு.