இரண்டு பியானோ, இரண்டு குரல், ஓர் அல்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தாங்களே பாட்டெழுதி, தாங்களே பியானோவிலோ கீபோர்டிலோ இருந்து பாடும் மூத்த தமிழ்க் கலைஞர்கள் இருக்கிறார்கள். அப்படியான இரண்டு பேர் சேர்ந்து ஓர் அல்பம் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் பாடகரும் கிற்றார்க்காரரும் சேர்வது வேறு, ஒரே வாத்தியக்காரர் இருவர் சேர்வது வேறு. இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் வேண்டும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

இந்த வகையில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜோனும் அமெரிக்கப் பாடகர் லியோன் ரசலும் 2010இல் வெளியிட்ட 'த யூனியன்'. 1970இல் இளம் எல்டன் அமெரிக்காவுக்குப் போனபோது அவர் வியந்து பார்த்த பியானோக்காரர் லியோன். பிறகு எல்டன் உலகப் புகழ் பெற்றார்; லியோனைப் பலரும் மறந்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து எல்டனே தொலைபேசியில் அழைத்துத்தான் இந்த அல்பம் தொடங்கியது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: அல்பத்தின் முதல் பாட்டு எல்டன் எழுதியதல்ல, லியோன் எழுதியது. பெரிய பெயர் முன்னுக்கு நின்று மற்றவரை விருந்தாளியாக்கவில்லை. நம்மிடையே நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. யூடியூபில் யாருக்கு ஆட்கள் அதிகமோ அவருடைய பாட்டு முதலில் வரும். மற்றவருக்குக் கடைசியில் இரண்டு பாட்டு கிடைக்கும். முதல் பாட்டு யாருடையது என்பதை வேலை தொடங்குமுன்பே பேசிவிடுங்கள். 'த யூனியன்' அமெரிக்கப் பில்போர்ட் அல்பப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. இரண்டு பேரின் பழைய வெற்றிப் பாடல்களை அவர்கள் அதில் திரும்பப் பாடவில்லை, புதுப் பாட்டுகளே எழுதினார்கள். பழையதையே மறுபடி பதிவதும் ஒரு தவறுதான்.

இனி வாசிப்பு. இரண்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் கீழே வாசித்தால் பாட்டு சேறாகிவிடும். பியானோவின் நடுவில் இருக்கும் 'மிடில் சி' (C) சுரத்துக்குக் கீழே போகப் போக, நெருக்கமான சுரங்களின் மேல்சுரங்கள், அதாவது ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், ஒன்றோடொன்று உரசும். அதோடு சுரங்களை நீட்டி ஒலிக்க வைக்கும் சஸ்டெயின் பெடலை இருவரும் அழுத்திப் பிடித்தால் சொற்களே கேட்காது. ஒருவர் கீழ்ப்பகுதி, மற்றவர் மேல்பகுதி என்று பாட்டுக்குப் பாட்டு பிரித்துக்கொள்ளுங்கள். பேஸ் கிற்றார் இருந்தால் இரண்டு இடது கைகளும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். பழகிய கைகளுக்கு இது கஷ்டம்தான், ஏனென்றால் தனியாக வாசித்து வாசித்து, முழு இசைக்குழுவையும் பத்து விரல்களில் கொண்டுவரும் பழக்கம் இருவருக்கும் ஊறிப்போயிருக்கும். மற்றவர் பாடும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பதும் வாசிப்புத்தான்.

கொழும்பில் இதைவிடப் பெரிய பிரச்சினை சுருதி. கடல் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் காற்றில் வருடம் முழுவதும் ஈரம். பியானோவின் சவுண்ட்போர்ட் மரம், அந்த ஈரத்தை உறிஞ்சி வீங்கும். கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும், அதுவும் நடுப்பகுதியில்தான் அதிகம். ஏசியைப் போட்டதும் மரம் காயத் தொடங்கி, சுருதி இறங்கும். காலையில் டியூனரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, பிறகு ஏசியைப் போட்டு மத்தியானம் பதிவு செய்தால், காலையில் கேட்ட பியானோ அங்கே இருக்காது. முதல் நாள் இரவிலிருந்தே ஏசி ஓடட்டும், இரண்டு பியானோக்களையும் ஒரே நாளில், அந்தக் குளிரிலேயே டியூன் செய்யுங்கள், பதிவு முடியும்வரை நிறுத்தாதீர்கள். மின்சாரம் போகும் காலம் என்றால் ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒருவரிடம் வீட்டுப் பழைய அப்ரைட் பியானோ, மற்றவரிடம் டிஜிட்டல் பியானோ என்றால் இன்னொரு சிக்கல் வரும். பல வருடம் டியூன் செய்யாத பியானோ, வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குக் கீழே இறங்கியிருக்கும். அதை ஒரேயடியாக மேலே இழுக்கச் சொல்லாதீர்கள். சுமார் 230 கம்பிகள். துருப்பிடித்தவை அறுந்துபோகலாம், அறாவிட்டாலும் சில நாட்களில் சுருதி மறுபடி தளரும். டிஜிட்டல் பியானோவின் சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பழைய பியானோவோடு சேர்ப்பது எவ்வளவோ சுலபம். அதற்கான வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு.

கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம், விஷயத்தில் வெட்கம் வேண்டாம். இருபது வயதில் நான்கு கட்டையில் பாடியவர் அறுபதில் இரண்டு கட்டைக்கு இறங்குவது இயற்கை. இருவருக்கும் பொதுவாக நடுவில் ஒரு கட்டையை எடுத்தால் இரண்டு குரலுமே கெட்டுப்போகும். சரணத்தில் ஆள் மாறும்போது கட்டையையும் மாற்றுங்கள். இடையில் நான்கு பார் பியானோ போதும். கீபோர்டில் கட்டையைத் தானாக மாற்றித்தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை நம்பி ஒரே ஸ்கேலில் வாசித்துப் பழகியவர்கள், உண்மையான பியானோவுக்கு முன் உட்காருவதற்குச் சில வாரங்கள் முன்பே புதுக் கட்டையில் கையைப் பழக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பி, ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாகப் பதிவதை நான் ஏற்கமாட்டேன். எல்டனும் லியோனும் ஒரே ஸ்டூடியோவில் சேர்ந்து, பக்கத்தில் மற்ற வாத்தியக்காரர்களோடு நேரடியாக வாசித்தார்கள். அப்படி வாசித்தால் ஒருவரின் மைக்கில் மற்றவரின் சத்தம் விழும், தவறான ஒரு சுரத்தை மட்டும் பிறகு வெட்டியெடுக்க முடியாது. பரவாயில்லை, இன்னொரு முறை முழுப் பாட்டையும் வாசியுங்கள். ஒருவர் மூச்செடுப்பதை மற்றவர் பார்த்து வாசிப்பது ஃபைலில் வராது.

எழுத்துரிமையைக் கடைசிக்கு விடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இருவர் சேர்ந்து ஆக்கிய பாட்டின் பதிப்புரிமை, இருவரில் கடைசியாக இறப்பவர் இறந்து 70 வருடம் வரை இருக்கும். அதாவது நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் பற்றிப் பேச வேண்டி வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, பங்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ளே என்ன அண்ணை" என்று சொல்லித் தள்ளிப்போட்டவர்கள் பலர்.

பிறகு, உடம்பு. லியோன் 2010 ஜனவரியில் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, தேறிவரும் நிலையிலேயே அந்த அல்பத்தில் வேலை செய்தார். நம் ஸ்டூடியோக்களில் வாடகை குறைவு என்று இரவு பத்து மணிக்கு மேல் நேரம் எடுக்கும் வழக்கம் உண்டு. மூத்த குரல்களுக்கு அது ஆகாது. காலை உணவு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும்.