வத்திக்கான் சிற்பக்கூடத்தின் பழைய செப்புத்தகட்டு அச்சுகள்: பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வத்திக்கானின் பியோ கிளெமெந்தீனோ அருங்காட்சியகத்தை 1771-இல் தொடங்கியவர் போப் பதினான்காம் கிளமெண்ட். விரிவாக்கியவர் ஆறாம் பயஸ். அதன் கூடங்களை வின்சென்சோ ஃபெயோலி போன்றவர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். இந்தத் தாள்களைச் சிலர் போட்டோ மாதிரி நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர், பொருந்தாத எதையும் செதுக்கியவரின் பிழை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதிகம் வருத்தம் தருவது இரண்டாவதுதான்.

லாவோகூன் சிலையையே பாருங்கள்: ஒரு தந்தையையும் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி வளைக்கும் பழங்காலப் பளிங்குச் சிலை அது. 18-ஆம் நூற்றாண்டு அச்சுகளில் தந்தையின் வலக்கை மேலே நீண்டிருக்கும். இன்று ரோமில் பார்த்தால் அந்தக் கை மடங்கித் தலைக்குப் பின்னால் போகிறது. செதுக்கியவர் தப்பு செய்யவில்லை. 1506-இல் தோண்டியெடுத்தபோது அந்தக் கை கிடைக்கவில்லை. பிறகு நீட்டிய கை ஒன்றைச் செய்து ஒட்டினார்கள். அசல் கை 1906-இல் கிடைத்து, 1950-களின் கடைசியில்தான் சிலையோடு சேர்ந்தது. அச்சு அன்று இருந்ததைத்தான் காட்டுகிறது.

அப்புறம், இடவலம். தகட்டில் வெட்டியது தாளில் கண்ணாடிப் பிம்பம்போல மாறி விழும். கைதேர்ந்தவர்கள் படத்தைத் திருப்பி வைத்தே வெட்டுவார்கள். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. அதே அருங்காட்சியகத்தில் உள்ள பெல்வெதேரே அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுள் சிலையை வைத்துச் சோதிக்கலாம். மேலாடை தொங்கும் கை அவருடைய இடக்கை. முன்னால் நின்று பார்த்தால் நமக்கு வலப்பக்கம் நீளும். தாளில் இடப்பக்கம் நீண்டால், படமே திரும்பியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அப்படியானால் வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் மாற்றித்தான் படிக்க வேண்டும்.

படத்தில் உலவும் மனிதர்களை வைத்துக் கூரை உயரத்தை அளக்க வேண்டாம். கூடம் பிரமாண்டமாகத் தெரிய ஆட்களைச் சிறிதாகப் போடுவது அன்றைய வழக்கம்.

லாவோகூன் படத்தில் இருப்பதால் தாள் 1798-க்கு முன்பு அச்சானது என்று முடிவு கட்டுவதும் தவறு. நெப்போலியன் காலத்தில் பிரான்ஸோடு போப் செய்துகொண்ட தொலெந்தீனோ ஒப்பந்தப்படி சிலைகள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஆண்டில். தகடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அச்சிடலாம். காலத்தைத் தாளிலும், வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீரடையாளத்திலும் தேடுங்கள்.

படத்துக்குச் சட்டம் போடும்போது மட்டும் தயவுசெய்து ஓரத்தை வெட்டாதீர்கள். படத்தைச் சுற்றி விரலை ஓட்டினால், தகடு அழுந்திய இடத்தில் சின்னப் பள்ளம் தட்டும். அடியில் இடப்பக்கம் 'டெல்.' என்றிருந்தால் அது வரைந்தவர் பெயர், வலப்பக்கம் 'ஸ்கல்ப்.' என்றிருந்தால் செதுக்கியவர் பெயர். கத்தரிக்கோல் முதலில் கொண்டுபோவது இவற்றைத்தான்.