ஸ்பானிஷ் மொழியியல் கட்டுரைக்குச் சான்று தேடுவதும் மேற்கோள் காட்டுவதும்: முதன்முறை எழுதுபவர்களுக்கு

ஸ்பானிஷ் மொழியியலில் என் முதல் ஆய்வுக் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஓரத்தில் நாலு இடத்தில் ஒரே கேள்வி: "இந்த வாக்கியத்தை எங்கே பார்த்தாய்?" எங்கேயும் பார்க்கவில்லை. எடுத்துக்காட்டுகளை எல்லாம் நானே உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தேன். அந்தக் கேள்வி உங்களுக்கு வராமல் இருக்க, ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போய்ப் பார்ப்போம்.

'அபெர்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். "நிறையப் பேர் இருந்தார்கள்" என்பதற்கு இலக்கண நூல் சொல்வது 'அபீயா முச்சாஸ் பெர்ஸோனாஸ்'. பெயர் பன்மை, வினை ஒருமை. ஆனால் பேச்சில் பல நாடுகளில் 'அபீயான் முச்சாஸ் பெர்ஸோனாஸ்' என்று வினையும் பன்மையாகிவிடுகிறது. எந்த நாட்டில், எவ்வளவு என்பதுதான் நம் கேள்வி. (இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். தேடும்போது ஸ்பானிஷ் எழுத்தில், ஒலிக்காத ஹெச்சையும் ஐ மேல் விழும் அழுத்தக் குறியையும் விடாமல் போடுங்கள்.)

படி 1: இலக்கணம் என்ன சொல்கிறது?

தொடங்க வேண்டிய இடம் 'நுவேவா கிராமாத்திகா தெ லா லெங்குவா எஸ்பான்யோலா'. 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகமும் (சுருக்கமாக ரே) மற்ற நாடுகளின் கழகங்கள் சேர்ந்த அசாலேயும் வெளியிட்டது. சொல்லியலும் தொடரியலும் 2009-இல் வந்தன, ஒலியியல் 2011-இல். இதைப் பக்க எண்ணால் அல்ல, பிரிவு எண்ணால் குறியுங்கள். இணையத்தில் படிப்பவருக்கும் அச்சில் படிப்பவருக்கும் அதே இடம் கிடைக்கும்.

பழைய இலக்கணத்தை மேற்கோள் காட்டினால் இரண்டு ஆண்டுகளைக் குறிக்க வேண்டும்: முதலில் வெளிவந்த ஆண்டும் உங்கள் பதிப்பின் ஆண்டும். அந்திரேஸ் பெய்யோவின் இலக்கணம் சிலியில் வெளிவந்தது 1847-இல். உங்கள் கையில் இருப்பது பிற்காலப் பதிப்பாக இருக்கும். முதல் ஆண்டைச் சதுர அடைப்பிலும் பதிப்பின் ஆண்டை வெளியிலும் போடுங்கள். இல்லாவிட்டால் பெய்யோ 20-ஆம் நூற்றாண்டுக்காரர் ஆகிவிடுவார்.

படி 2: ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள்?

ஆங்கிலத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். லா ரியோஹா பல்கலைக்கழகத்தின் தியால்னெத், மெக்சிகோவிலிருந்து வரும் ரெதாலிக், பிரேசிலில் தொடங்கிய ஸியெலோ ஆகிய மூன்று இணையக் கட்டுரைத் தொகுப்புகளிலும் ஸ்பானிஷ் கலைச்சொல்லைப் போட்டுத் தேடுங்கள். நம் கேள்விக்கு 'ப்ளூராலிஸாஸியோன் தெ அபெர்', அதாவது 'அபெர்' பன்மையாவது. தியால்னெத்தில் எல்லாவற்றுக்கும் முழுக் கட்டுரை இருக்காது, சிலவற்றுக்கு விவரம் மட்டும்தான். சமீபத்திய நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் போதும், அதன் கடைசிப் பக்கங்களே அடுத்த வாரத்துக்கான வாசிப்பைக் கொடுத்துவிடும்.

படி 3: தரவகத்தில் இறங்குவது

தரவகம் என்பது உண்மையான எழுத்தையும் பேச்சையும் தேடிப் பார்க்கும்படி திரட்டி வைத்த தொகுப்பு. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 2001 முதலான எழுத்துக்கும் பேச்சுக்கும் ரேயின் கோர்பெஸ் இருக்கிறது, அதில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு 70 சதவீதம், ஸ்பெயினுக்கு 30. 1975 முதல் 2004 வரை கிரேயா, அதற்கும் முந்தையவற்றுக்குக் கோர்தே.

'அபீயான்' என்று மட்டும் தட்டினால் குவியலாக வந்து விழும். சந்தோஷப்படாதீர்கள். அதே வடிவம்தான் 'அபீயான் கொமிதோ', அதாவது "சாப்பிட்டிருந்தார்கள்" என்பதில் துணைவினையாக வருகிறது, குவியலில் பெரும்பாலும் அதுதான். எனவே அடுத்த சொல்லையும் சேர்த்து 'அபீயான் முச்சாஸ்' என்று தேடுங்கள். அப்போதும் 'அபீயான் முச்சாஸ் வேஸெஸ் பென்ஸாதோ' ("பலமுறை நினைத்திருந்தார்கள்") போன்றவை நுழையும். ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

தள்ளும்போதே எக்செல்லில் ஏற்றிவிடுங்கள்: வாக்கியம், ஆசிரியர், நூல், ஆண்டு, நாடு, எழுத்தா பேச்சா, வைக்கிறோமா தள்ளுகிறோமா, ஏன். நாவலில் வரும் உரையாடல் என்றால் அதையும் குறியுங்கள், அது எழுத்தாளர் காதில் விழுந்த பேச்சு, நேர்ப் பேச்சு அல்ல. நாடுகளை ஒப்பிடும்போது வெறும் எண்ணிக்கை வேண்டாம், பத்து லட்சம் சொல்லுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள்.

நேர்ப் பேச்சுதான் வேண்டும் என்றால் பிரெஸேயா இருக்கிறது. நகரம் நகரமாக எடுத்த நேர்காணல்கள், பேசுபவரின் பாலினம், வயது, படிப்பு தெரியும். மேற்கோளில் அவருடைய குறியீட்டு எண் மட்டும் போதும்.

கோர்தேயைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. படைப்பு பிறந்த காலமும் நம்மிடம் உள்ள பிரதியின் காலமும் ஒன்றல்ல. 'எல் சித்' காவியத்தின் முடிவுக் குறிப்பு 1207 என்கிறது. ஆனால் கிடைத்திருக்கும் ஒரே கைப்பிரதி 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலுள்ள ஒரு விகுதியைக் காட்டி "13-ஆம் நூற்றாண்டு வழக்கு" என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்தப் பிரதி, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 4: குறிப்பு எழுதுவது

மேற்கோள் பாணி எம்எல்ஏவா, ஏபிஏவா என்று முதலில் உங்கள் பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள். எதுவானாலும் தரவக மேற்கோளுக்கு இரண்டு அடுக்கு உண்டு. வாக்கியத்தின் அடியில் மூல ஆசிரியர், நூல், ஆண்டு, நாடு. நூற்பட்டியலில் ரே, தரவகத்தின் பெயர், பதிப்பு எண், பார்த்த தேதி. கோர்பெஸ் வளர்ந்துகொண்டே போவதால், தேதி இல்லாமல் நீங்கள் கொடுத்த எண்ணிக்கையை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

அப்புறம் பெயர்கள். இனிஷியல் வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் குழப்பம்தான். ஸ்பானிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள், அகரவரிசை முதல் குடும்பப் பெயரில் தொடங்கும். ரமோன் மெனெந்தெஸ் பிதாலைத் தேட வேண்டியது மெனெந்தெஸில், பிதாலில் அல்ல. ஸ்பானிஷில் எழுதும் கட்டுரையில் இருவர் பெயருக்கு நடுவே 'இ' வரும்: பொஸ்கெ இ தெமோந்தெ.

படி 5: ஸோட்டேரோவைச் சரிபார்ப்பது

இந்த இலவசச் செயலி நூற்பட்டியலைத் தானே போட்டுத் தரும். ஆனால் இறக்கிய விவரத்தில் முதல் குடும்பப் பெயர் சில சமயம் இயற்பெயர்ப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும், கையால் மாற்றுங்கள். இன்னொன்று, ஸ்பானிஷ் தலைப்பில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும்தான் பெரிய எழுத்து. மொழிப் பெட்டி காலியாக இருந்தால் எம்எல்ஏ பாணி ஆங்கிலத் தலைப்பு என்று எண்ணி எல்லாச் சொல்லையும் பெரிதாக்கிவிடும். அந்தப் பெட்டியில் ஸ்பானிஷுக்கான ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்தைப் போடுங்கள், தலைப்பை அப்படியே விட்டுவிடும்.