மச்சானின் மோட்டார் சைக்கிளில் கமரா: ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஓடப்போகும் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது. மச்சானின் பல்சர், சித்தப்பாவின் பழைய சிடி 100, அதுவும் இல்லாவிட்டால் மச்சாளின் ஸ்கூட்டி. எது கையில் வரும் என்பது போய் இறங்கும்வரை தெரியாது. வந்தாலும் பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து போகிறவர்கள் ஓடும்போது வழியைப் படம்பிடிக்க எந்தக் கமரா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைக்கிறார்கள், இதை யோசிப்பதில்லை. துளை போடாமல், இரவல் வண்டியில் பசை ஒட்டாமல், ஐந்து நிமிடத்தில் பூட்டிக் கழற்றக்கூடிய கமராப் பிடியை (மவுண்ட்) முதலில் முடிவுசெய்யுங்கள்.

போனையே ஹேண்டிலில் பூட்டினால் போதாதா என்றால், போதாது. பெரிய எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கமராவின் நிலைப்படுத்தும் பொறிமுறையைக் கெடுக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அந்தப் போன்களில் லென்ஸோ சென்சரோ உள்ளே அசைந்து நடுக்கத்தைச் சமன்செய்கிறது. அக்சன் கமராக்களில், அதாவது உடம்பிலோ வண்டியிலோ பூட்டி ஓடியபடி படமெடுக்கும் சின்னக் கமராக்களில், அப்படி அசையும் பாகம் இல்லை. பதிந்த படத்தை வெட்டி நகர்த்தித்தான் நடுக்கத்தைப் போக்குகின்றன.

கமராவில் கோப்ரோ, டிஜேஐ ஆஸ்மோ அக்சன், இன்ஸ்டா360 எதுவாயினும் இரண்டு மூன்று வருடம் பழைய மாதிரியே இந்த வேலைக்குக் காணும். கோப்ரோ ஹீரோ பிளாக் வரிசை 2016இல் வந்த ஹீரோ 5 தொடக்கம் தனிக்கூடு இல்லாமலே 10 மீற்றர் ஆழம் தாங்கும். ஆஸ்மோ அக்சன் 4 18 மீற்றர். மழைக்குப் பயமில்லை. நான் பார்ப்பது வேறொன்று: லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றி மாற்ற முடியுமா? முன்னால் போகும் பஸ் தெறிக்கவிடும் கல்லுக்கு அதுதான் காப்பு. 360 பாகைக் கமரா சொந்தக்காரருக்குக் காட்ட வடிவாக இருக்கும். ஆனால் வெளியே துருத்திய கண்ணாடியும் நீட்டுக்கம்பும் குண்டும் குழியுமான ஒழுங்கைக்குத் தோதல்ல.

இனிப் பிடி. பல்சர் போன்ற வண்டிகளின் ஹேண்டில் குழாய் பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த அளவுக்கு இறுகும் உலோகப் பிடி ஒன்று போதும். பிளாஸ்ரிக்கை நம்பவேண்டாம். குழாய்க்கும் பிடிக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுங்கள், வழுக்காது, வண்டியில் கீறலும் விழாது. எந்தச் சைக்கிள் கடையிலும் கேட்டால் தருவார்கள். ஸ்கூட்டியில் ஹேண்டில் முழுக்கப் பிளாஸ்ரிக் மூடி. அங்கே பக்கக் கண்ணாடியின் தண்டில் பூட்டும் சிறிய பிடிதான் சரிவரும், அதையும் ஒன்று எடுத்துப் போங்கள். ஆனால் கண்ணாடித் தண்டு மெல்லியது, நடுங்கும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அந்த நுண் அதிர்வு, படத்தைக் கூழ்போலத் தளும்ப வைக்கும். கமராவின் மென்பொருளால் அதை முழுதாகத் திருத்த முடியாது.

என் தெரிவு நெஞ்சுப்பட்டி. எஞ்சினின் அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்கிறது, எந்த வண்டிக்கும் பொருந்துகிறது, இறங்கினால் கமராவும் கூடவே வருகிறது. நிமிர்ந்து இருந்து ஓடும் ஸ்கூட்டியில் கைகளும் ஹேண்டிலும் றோட்டும் அளவாக விழும். குனிந்து ஓடும் வண்டியில் பெற்றோல் தாங்கிதான் தெரியும், கமராவை மேல்நோக்கிச் சரியுங்கள். முன்னால் குழந்தையை ஏற்றினால் படமே இல்லை. விழுந்தால் அந்தக் கமரா நெஞ்சில் குத்தும் என்பதையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

ஹெல்மெட்டின் நாடிப்பகுதியில் பூட்டுவது படத்துக்கு இன்னும் நல்லது. ஆனால் ஊரில் இரவலாகக் கிடைப்பது பலவேளை நாடி மூடாத அரை ஹெல்மெட். முழு ஹெல்மெட்டைச் சொந்தமாகக் கொண்டுபோகிறவர்கள் பசைப்பிடியைப் புறப்பட ஒரு நாள் முன்பே ஒட்டிவிடுங்கள். பசை முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம் வேண்டும். ஹெல்மெட்டின் உச்சியில் பூட்டவே வேண்டாம். காற்று தலையைப் பின்னுக்கு இழுக்கும். எங்கே பூட்டினாலும் கமராவை ஒரு நூற்கயிற்றால் இன்னொரு இடத்தில் கட்டிவிடுங்கள்.

வெயிலில் நிற்பாட்டிய வண்டியில் கமரா சூடாகித் தானாக நின்றுவிடும். கோப்ரோ தன் கமராக்களுக்குச் சொல்லும் உச்ச வெப்பம் 35 பாகை, ஆவணி மாத மத்தியானம் அதைத் தொட்டுவிடும். ஓடும்போது காற்றுக் குளிர்த்தும். றெயில் கடவையில் நிற்கையில் பதிவை நிறுத்துங்கள். 4கேயில் விநாடிக்கு 25 அல்லது 30 படம் போதும். பதிவு வேகம் விநாடிக்கு 60 மெகாபிட் என்றால் மணிக்கு 27 ஜிபி போகும், மெமரி அட்டை வேகமாக எழுதும் வி30 வகையாக இருக்கட்டும். கனடாவில் வாங்கிய கமராவை ஊர் மின்சாரத்துக்கேற்ப மெனுவில் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றாவிட்டால் இரவில் கடைவீதி விளக்குகள் மினுங்கும். மேலதிகப் பற்றரிகளும் பவர் பாங்கும் விமானத்தில் கைப்பையில்தான் போகவேண்டும்.

எங்கே எடுப்பது? யாழ்ப்பாண நகரில் இருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து புங்குடுதீவு, குறிகட்டுவான். இரண்டு பக்கமும் கடல். றோட்டு மேற்கே போவதால் காலையில் புறப்பட்டுப் பின்னேரம் திரும்பினால் இரண்டு தடவையும் வெயில் முதுகில். மாற்றிப் போனால் லென்ஸுக்குள் சூரியன். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும், மைக்கில் இரைச்சலைத் தவிர ஒன்றும் விழாது. கதைக்க விரும்பினால் மைக்கை ஹெல்மெட்டுக்குள் வையுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியை முதலில் தண்ணீரால் கழுவி, பிறகு துடையுங்கள். உலர்ந்தபடி துடைத்தால் கீறும்.

இராணுவ முகாம், கடற்படைத் தளம், சோதனைச்சாவடி வந்தால் கமராவை முன்கூட்டியே நிறுத்துங்கள். அங்கே படமெடுக்கத் தடை. நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க வாக்குவாதப்படுவதில் பயனில்லை. பொலிஸ் மறித்தாலும் நிறுத்திவிட்டே பேசுங்கள். வண்டியின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் வண்டிக்குள் இருக்கிறதா என்று மச்சானிடம் முதலே கேளுங்கள். உங்கள் லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கவேண்டும், கார் லைசென்ஸ் காணாது. நல்லூர்க் கோயிலுக்குள் படமெடுக்க விடமாட்டார்கள், பட்டியை வாசலில் கழற்றிப் பைக்குள் வையுங்கள். செத்தவீட்டு ஊர்வலமோ கிணற்றடியில் குளிப்பவர்களோ எதிர்ப்பட்டால் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகத் தாண்டுங்கள்.